ரெண்டாவது பிரசவத்துக்கு யாரும் வருவதில்லை

முதல் பிரசவத்துக்கு எங்கள் கொங்குப் பக்கம் யாரும் ஒரு குறையும் வைப்பதில்லை. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ நல்ல நாள் பார்த்து, பெண் வீட்டார் புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தயிர்ச்சோறு என்று போசி போசியாகக் கட்டிக்கொண்டு வந்து கட்டுச்சோறு விருந்து வைத்து, கை நிறைய வளையல் போட்டு, பிள்ளையைக் கையோடு அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் மூன்று மாதமோ ஐந்து மாதமோ அவள் அம்மா வீட்டில்தான். வெந்நீர் வைக்க ஒருத்தர், பத்தியம் சமைக்க ஒருத்தர், குழந்தையைக் குளிப்பாட்டித் தர அம்மாவைப் பெற்ற அம்மிச்சி. பெற்றவள் கட்டிலை விட்டு இறங்கினாலே திட்டு விழும்.

அதே பிள்ளை மூன்று வருஷம் கழித்து மறுபடி உண்டாகட்டும். "ரெண்டாவதுதானுங்களே, எல்லாம் பழகியிருக்கும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். விருந்தும் வளையலும் இல்லாததில் எனக்கு வருத்தமில்லை. கூட இருக்க ஆள் இல்லாமல் போகிறதே, அதுதான் பொறுக்க முடியவில்லை.

அக்கா, சித்தி மகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று நிறையப் பேருடைய பிரசவத்துக்குத் துணைக்கு இருந்திருக்கிறேன், நானும் ரெண்டு பெற்றவள்தான், பார்த்த வரைக்கும் சொல்கிறேன்: எங்கள் ஊரில் உடம்பும் மனசும் ஒரு பெண்ணுக்கு நிஜமாகவே உடைகிற நேரம் ரெண்டாவது குழந்தை பிறந்த முதல் ரெண்டு மாதம். அந்த நேரத்தில்தான் வீட்டில் ஒருத்தரும் இருப்பதில்லை.

ஏன் இருப்பதில்லை என்றால் யாருக்கும் மனசில்லாமல் இல்லை. மூத்ததை எல்.கே.ஜி.யில் சேர்த்தாயிற்று, பள்ளிக்கூட வண்டி வாசலுக்கு வருகிறது, அதை விட்டுவிட்டு மூன்று மாதம் அம்மா வீட்டில் போய் உட்கார முடியாது. சரி, அம்மா இங்கே வரலாம் என்றால் அங்கே தோட்டத்தில் ரெண்டு மாடு நிற்கிறது. "மாட்டை ஆருகிட்ட உட்டுட்டு வர்றது கண்ணு, காலைலயும் சாயங்காலமும் சொசைட்டிக்குப் பால் ஊத்தோணுமே" என்று அந்த அம்மா போனில் சொல்லும்போது குரல் கம்மிப்போகும். மாடு இல்லாத வீட்டில் அம்மாவே பனியன் கம்பெனிக்கோ தறிக்கோ போகிறவராக இருப்பார். ஐம்பது வயதுக்கு மேல், சர்க்கரை இருக்கும், முட்டி வலி இருக்கும், வாரச் சம்பளம் போனால் அந்த வாரம் குடும்பம் ஓடாது. எப்படியோ ஒரு பத்து நாள் லீவு சொல்லிவிட்டு வந்து, ஓடி ஓடிச் செய்துவிட்டு, மகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பஸ் ஏறுவார்.

அந்தக் காலத்தில் ஒரு பிரசவத்துக்கு ஐந்தாறு பெண்கள் வேலை செய்தார்கள். பிள்ளை எடுக்க மருத்துவச்சி, தீட்டுத் துணி அலச வண்ணார் வீட்டு அம்மா, சமையலுக்குப் பெரியம்மா, மற்றக் குழந்தைகளைப் பார்க்க அத்தை. அதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். பிள்ளையெடுத்த கைக்குக் களத்தில் அளந்து போட்ட தானியம்தான் கூலி, அதே கையை மற்ற நாளில் வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். வீட்டுப் பிரசவத்தில் ரத்தம் போய்ச் செத்த பெண்களும் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. அது திரும்பி வரவே வேண்டாம். ஆனால் அந்த ஐந்தாறு பேர் செய்த வேலை மட்டும் அப்படியே இருக்கிறது. செய்கிற ஆள்தான் ஒன்றாகிவிட்டது, அந்த ஒருத்தி பெரும்பாலும் பெற்றவளேதான்.

ரெண்டாவது சில விதத்தில் லேசு என்பதை மறுக்கவில்லை. வலி எடுத்துக் குழந்தை வெளியே வருவதற்கு ஆகும் நேரம் பெரும்பாலும் முதல் தடவையைவிடக் குறைவு. அதனாலேயே ஒரு எச்சரிக்கை வேண்டும். முதல் தடவை விடிய விடிய வலி இருந்ததே என்று நினைத்து, மூத்ததைத் தூங்க வைத்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தால் பாதி வழியிலேயே பிறந்துவிடும். தாளவாடி, பர்கூர் மலைப்பக்கம் இருப்பவர்கள் வலி ஒழுங்காக வர ஆரம்பித்த உடனே 108-ஐக் கூப்பிட்டுவிட வேண்டும். முதல் பிரசவம் சிசேரியனாக இருந்தால் இன்னும் முன்னாடியே, ஆபரேஷன் தியேட்டரும் ரத்தமும் தயாராக இருக்கிற மருத்துவமனையை முடிவு செய்துகொண்டு, நஞ்சுக்கொடி பழைய தழும்பின் மேல் ஒட்டியிருக்கிறதா என்று ஸ்கேனில் கேட்டுக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை: 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இங்கே நடந்த பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன், தனியார் மருத்துவமனைகளில் மட்டும் எடுத்தால் 63.8 சதவீதம். ஆக ரெண்டாவதுக்கு நிற்கிற பெண்களில் ஏகப்பட்ட பேர் ஏற்கெனவே வயிற்றில் தையலோடுதான் நிற்கிறார்கள்.

லேசாக இல்லாததையும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை. குழந்தை மார்பைச் சப்பும்போது ஆக்சிடோசின் என்கிற ஹார்மோன் சுரந்து கர்ப்பப்பை சுருங்கும். ரத்தப்போக்கு கட்டுப்படுவதே அந்தச் சுருக்கத்தால்தான். முதல் பிரசவத்தில் அது பல பேருக்கு லேசாகத்தான் தெரியும். ரெண்டாவதில் நன்றாகவே வலிக்கும். என் சித்தி மகளுக்குக் குழந்தை வாயை வைத்ததும் ஒரு கை போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், கால் கட்டைவிரல் மடங்கிவிடும், நெற்றியில் வியர்க்கும். பக்கத்துக் கட்டில் அம்மா, "ரெண்டாவதுக்குமா இப்படி" என்றார். அவளும் தனக்கு மட்டும்தான் ஏதோ ஆகிறது என்று பயந்து, குழந்தையைப் பால் குடிக்க விடுவதையே தள்ளிப்போட ஆரம்பித்துவிட்டாள். நைட் டியூட்டி நர்ஸ் வந்து, இது ரெண்டாவது மூன்றாவதில் வருகிற வலிதான், ரெண்டு மூன்று நாளில் குறையும் என்று சொல்லி, பால் கொடுக்கிறவர்களுக்கு ஒத்துக்கொள்கிற வலி மாத்திரையும் கொடுத்த பிறகுதான் முகம் தெளிந்தது. ஒன்பது மாதம் செக்கப்புக்குப் போனவளுக்கு இந்த ஒரு வரியை யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

ரத்தசோகையும் அப்படித்தான். கர்ப்பத்தில் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை. முதல் குழந்தைக்கும் ரெண்டாவதுக்கும் இடைவெளி குறைந்தால் போன இரும்புச்சத்து திரும்பிச் சேர்வதற்குள் அடுத்தது வந்துவிடும். ஒரு பிரசவம் முடிந்து குறைந்தது 24 மாதமாவது கழித்து அடுத்ததற்கு உண்டாகச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதற்கும் சேர்த்துத்தான். பிரசவம் ஆனதும் இரும்புச்சத்து மாத்திரை டப்பாவைத் தூக்கி அலமாரி மேல் வைத்துவிடுகிறார்கள், பிறந்த பிறகும் 180 நாள் அந்த மாத்திரையைப் போட வேண்டும். போட்டுவிட்டு உடனே டீ, காபி குடிக்கக் கூடாது, கால்சியம் மாத்திரையோடு சேர்த்தும் போடக் கூடாது.

ஆள் இல்லை என்றால் யார் வருவது? என் பதில், வீட்டுக்காரர்தான் வர வேண்டும். எங்கள் பக்கத்து ஆண்கள் மோசமானவர்கள் இல்லை, முதல் பிரசவத்தில் அவர்களுக்கு வேலையே கொடுக்காமல் பழக்கிவிட்டோம். மனைவியை மாமியார் வீட்டில் விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை பழம், பிஸ்கட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு என்ன நடக்கிறது என்று எப்படித் தெரியும்? தனியார் வேலையில் அப்பாவுக்கு விடுப்பு கொடுக்கச் சட்டமும் இல்லை. ரெண்டாவதில் எல்லாம் அவர் கண் முன்னால் நடக்கிறது, அப்போதும் பழைய வழக்கப்படி முன் அறையில் படுத்துக்கொள்கிறார்.

சித்தி மகள் வீட்டுக்காரர் பெருந்துறைப் பக்கம் ஒரு மில்லில் பிட்டர். அவர் செய்ததைச் சொல்கிறேன், பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. ராத்திரி குழந்தை சிணுங்கினால் அவர் எழுந்து ஈரத்துணியை மாற்றி அவள் பக்கத்தில் கிடத்துவார். ஒரு சொம்பு வெதுவெதுப்பான தண்ணீர் அவள் கை எட்டுகிற இடத்தில் இருக்கும், பால் கொடுக்க உட்கார்ந்தாலே தாகம் வந்துவிடும் என்று அவர் கவனித்து வைத்திருந்தார். குடித்து முடித்த குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் வரும் வரைக்கும் அறைக்குள்ளேயே நடப்பார். அவள் அதற்குள் தூங்கியிருப்பாள். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை பால் குடிக்கும், ஒவ்வொரு தடவையும் இப்படி அரை மணி நேரத் தூக்கம் மிச்சமானாலே அவள் மறுநாள் மனுஷியாக எழுந்திருப்பாள்.

சமையலையும் மாமியாரிடம் போனில் கேட்டுத்தான் கற்றுக்கொண்டார். செலவு ரசத்துக்கு நாட்டுமருந்துக் கடையில் "பிள்ளை பெத்தவங்களுக்குச் செலவு சாமான் குடுங்க" என்றால் சுக்கு, மிளகு, திப்பிலி, சீரகம், மல்லி என்று பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவார்கள், வறுக்கிற பதம்தான் கஷ்டம். முதல் நாள் திப்பிலி கருகிவிட்டது. "அடுப்பைத் தணிச்சு வைங்க மாப்பிள்ளை, மல்லி வாசம் வந்ததும் எறக்கிருங்க" என்று அந்த அம்மா போனிலேயே சொல்லச் சொல்ல, போனை அடுப்பு மேடையில் சாத்தி வைத்துக்கொண்டு பூண்டும் சின்ன வெங்காயமும் உரித்தார். மூன்றாவது நாள் ரசம் நன்றாகவே வந்தது.

சோறு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பத்தியத்தில் பூண்டு, பருப்பு, கீரை, முட்டை, நெஞ்செலும்புச் சாறு எல்லாம் நல்லதுதான், யாரும் நிறுத்த வேண்டாம். பால் கொடுக்கிற முதல் ஆறு மாதம் ஒரு பெண்ணுக்கு வழக்கத்தைவிடத் தினமும் 600 கலோரி கூடுதலாக வேண்டும், அரை வயிற்றுப் பத்தியம் அதற்குக் காணாது. தண்ணீரை அளந்து கொடுக்கிற வழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். "தண்ணி குடிச்சா வயிறு தொங்கிப்போகும்" என்று சொம்பை எடுத்து ஒளித்து வைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும், தையலில் வலி கூடும், மூத்திரக் கடுப்பு வரும். அதே மாதிரிதான் காயும் பழமும் குளிர்ச்சி என்று ஒதுக்குவது.

உடம்பில் எதைப் பார்த்தால் காத்திருக்கக் கூடாது என்பது வீட்டுக்காரருக்கும் மாமியாருக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவள் தானாகச் சொல்வாள் என்று இருக்க வேண்டாம், ரெண்டாவது தடவைக்காரி பெரும்பாலும் பொறுத்துக்கொள்வாள். வைத்த பேட் ஒரு மணி நேரத்துக்குள் நனைந்துபோகிற ரத்தப்போக்கு, காய்ச்சல், கெட்ட வாடையோடு போவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சு வாங்குவது, தையலில் சீழ், அப்புறம் தாங்க முடியாத தலைவலியோடு கண் மங்குவது. கடைசியாகச் சொன்னது ரத்த அழுத்தம் ஏறியதால் இருக்கலாம், கர்ப்பத்தில் பிபி சரியாக இருந்தவர்களுக்கும் பிரசவம் ஆன பிறகு, ஆறு வாரம் வரைகூட வரும், வலிப்பு வரைக்கும் கொண்டுபோய்விடும். வெயிலில் நின்றது, தூக்கம் கெட்டது என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் அந்த நிமிஷமே கிளம்ப வேண்டும்.

பார்க்க வருகிறவர்களிடமும் பேச வேண்டியிருக்கிறது. குழந்தையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள். அவள் எழுந்து போய் உங்களுக்குக் காபி போடுகிறாள். ஒரு குண்டா அரிசிம்பருப்பு சாதம் கொண்டுவாருங்கள், வாளியில் ஊறுகிற துணியை அலசிப் போடுங்கள், முக்கியமாக மூத்ததைக் கூட்டிக்கொண்டு வெளியே போங்கள். சித்தி மகளுடைய பெரியவன், மூன்று வயது, பாப்பா வந்த நாளிலிருந்து அந்த அறைக்குள்ளேயே போகவில்லை. காலையில் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு நிலையைச் சாய்ந்து நின்றுகொண்டிருப்பான், தினமும் ஷூ மாட்டிவிடுவது அவன் அம்மாதான். யார் கூப்பிட்டாலும் கொடுக்க மாட்டான். அவள் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு அவனைப் பார்த்துக் கண்ணீர் விடுவாள். பாப்பாவை நான் வாங்கிக்கொண்டு, "ஷூவை மட்டும் நீ போட்டுவிடு" என்று அவளிடம் சொன்னேன். காலில் மாட்டியதும் அவன் ஓடிவிட்டான். அதற்கப்புறம் தினமும் அந்த ஐந்து நிமிஷம் அவனுக்கு என்று வீட்டில் எல்லாரும் ஒத்துக்கொண்டோம். மூத்த குழந்தை மறுபடி படுக்கையை நனைப்பதும், மழலை பேசுவதும், பால்புட்டி கேட்பதும் சகஜம்தான், அதற்கு அடிக்கவோ "நீ பெரியவனாயிட்டே" என்று விரட்டவோ வேண்டியதில்லை.

ரெண்டாவதும் பெண் குழந்தையாகிவிட்டால் நடப்பதை எழுதாமல் விட எனக்கு மனசு வரவில்லை. பிரசவ அறை வாசலில் சேதி கேட்டதும் முகம் மாறுவதை நானே பார்த்திருக்கிறேன். மருத்துவமனைக்கு வர இருந்த மாமா வரவில்லை, பத்தியக் கோழி அறுபடவில்லை, "சரி உடுங்க, ஆண்டவன் குடுத்தது" என்று துக்க வீட்டில் பேசுகிற குரலில் பேசுகிறார்கள். இதே மேற்கு மாவட்டங்களில், சேலத்தில்தான், பெண் சிசுக் கொலையைத் தடுக்க 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பிக்க வேண்டிவந்தது. இன்றைக்குக் குழந்தையை யாரும் ஒன்றும் செய்வதில்லை என்று வைத்துக்கொள்வோம், பெற்றவளுக்குக் கிடைக்கிற சோறும் தூக்கமும் நல்ல வார்த்தையும் குறைந்துபோகிறது. கட்டிலில் படுத்திருக்கிறவளுக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பிரசவம் ஆன முதல் சில நாள் காரணமில்லாமல் அழுகை வருவது நிறையப் பேருக்கு நடப்பது, ரெண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அதைத் தாண்டியும் அழுகை, குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராதது, எதிலும் பிடிப்பில்லாதது, தான் செத்தால் தேவலை என்கிற நினைப்பு இருந்தால் அது பிரசவத்துக்குப் பின் வருகிற மனச்சோர்வு, மருத்துவம் இருக்கிறது, குணமாகும். ரெண்டாவது தடவைக்காரியிடம் இதை யாரும் கேட்பதே இல்லை. "உனக்கு எப்படி இருக்குது அம்மிணி" என்று கேட்டுவிட்டு, பதில் வரும் வரைக்கும் உட்கார்ந்திருங்கள். அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசுவார்கள், காசு இல்லை.

அப்புறம் ஆபரேஷன். ரெண்டாவது என்றாலே குடும்பக் கட்டுப்பாடும் கூடவே என்று முடிவாகிவிடுகிறது. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேல் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், ஆண்கள் பக்கம் நூற்றுக்கு ஒருத்தர்கூடத் தேறாது. பெற்ற உடம்பு, பால் கொடுக்கிற உடம்பு, அதற்கே இன்னொரு கத்தியும். "ஆம்பளைக்குப் பண்ணா பாரம் தூக்க முடியாது, தெம்பு போயிரும்" என்று சொல்கிறார்கள், அது உண்மை இல்லை. நவீன வாசக்டமிக்கு அந்த இடத்தில் மட்டும் மரத்துப்போக ஊசி, சில நிமிஷ வேலை, தையல்கூட வேண்டியதில்லை, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம், ஒரு வாரம் கனமான வேலை செய்யாமல் இருந்தால் போதும். மூன்று மாதம் வரைக்கும் வேறு தடுப்பு வைத்துக்கொண்டு, அப்புறம் ஒரு பரிசோதனையில் உறுதி செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். ரெண்டு பெண் குழந்தைகளுக்கான முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்துக்கும் பெற்றோரில் ஒருவர் செய்திருந்தால் போதும். அந்த ஒருவர் அப்பாவாகவே இருக்கலாம்.

பணம் பற்றிச் சுருக்கமாக. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி முதல் குழந்தைக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள், ரெண்டாவதுக்கும் உண்டு. மொத்தம் 18,000 ரூபாய், அதில் 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகமாக வரும். கர்ப்பத்தைப் பதிந்ததும் கொடுக்கிற பிக்மி எண் பழையது ஆகாது, கிராம செவிலியரிடம் சொல்லி மூன்று மாதத்துக்குள் புதிதாகப் பதிய வேண்டும். கம்பெனியில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் ரெண்டாவதுக்கும் 26 வாரச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, அதற்கு முந்தைய ரெண்டு பங்களிப்புக் காலத்தில் 70 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். பீஸ் ரேட்டில் ஓடுகிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. பிடிக்காவிட்டால் இந்த விடுப்பு கிடைப்பதில்லை, திருப்பூரில் அப்படி எத்தனை பெண்கள் என்று நினைத்தாலே ஆத்திரமாக வருகிறது.

இப்போது எங்கள் நங்கைக்கு, அதாவது அண்ணன் மனைவிக்கு, ரெண்டாவது, ஐப்பசியில் நாள் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தடவை முன்கூட்டியே எல்லாரும் உட்கார்ந்து பேசிவிட்டோம். பிரசவ அறையில் துணைக்கு நங்கையின் அம்மா, பெரியவளைப் பள்ளிக்கூட வண்டி ஏற்றி இறக்குவது நான், ராத்திரி முழுக்க அண்ணன். மத்தியானச் சோறு முதல் மாதம் எங்கள் வீட்டிலிருந்து போகும். மாடு கறக்க நங்கையின் அப்பாவே ஒத்துக்கொண்டார், சாயங்காலப் பாலைச் சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றப் பக்கத்துத் தோட்டத்துப் பையனிடம் கேட்டிருக்கிறோம், வாரத்தில் அஞ்சு நாள் முடியும் என்றான். சனி, ஞாயிறுக்கு இன்னொரு ஆள் பார்க்க வேண்டும்.